சீட்டாடிக் குடும்பம் நடத்த முடியுமா? முதலில் ஒரு நோட்டுப் போடுங்கள்

2021 ஆகஸ்ட் கடைசியில் ஒரு நாள் ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து என் வீட்டுக்காரர் சொன்னார்: "இனிமே வேலை தேடி அலையறதா இல்ல. ஃபோன் ஆப்ல காசு வெச்சு ரம்மியை முழு நேரமா ஆடிப் பார்க்கலாம்னு இருக்கேன்."

கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் சூப்பர்வைசராக இருந்தவர். கொரோனாவில் பஸ் ஓடவில்லை, புது பஸ்ஸுக்கு ஆர்டர் இல்லை, பட்டறையில் பாதிப் பேரை நிறுத்திவிட்டார்கள். கடைசியாக வாங்கிய சம்பளம் 19,000. நான் ஒரு துணி ஏற்றுமதி ஆபீசில் கணக்கு எழுதுகிறேன். இரண்டு சம்பளத்தில் ஓடிய வீடு ஒரு சம்பளத்தில் நொண்டிக்கொண்டிருந்தது.

நான் சண்டை போடவில்லை. அவர் நன்றாக ஆடுவார் என்று எனக்குத் தெரியும். மனமகிழ் மன்றத்திலும் சரி, கல்யாண மண்டபத்தில் ராத்திரி விரிக்கிற ஜமக்காளத்திலும் சரி, அவர் உட்கார்ந்தால் எதிரில் இருப்பவர்கள் கொஞ்சம் யோசித்துத்தான் சீட்டை இறக்குவார்கள். அதனால் மூன்று நிபந்தனை சொன்னேன். ஒரு வருஷம் மட்டும். அதற்கென்று தனிப் பணம். கணக்கை நான் எழுதுவேன். சரி என்றார்.

அந்த ஒரு வருஷத்து நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. 2021 செப்டம்பர் 1 முதல் 2022 ஆகஸ்ட் 31 வரை. கடைசியில் கூட்டிப் பார்த்தபோது அவர் லாபத்தில்தான் இருந்தார். அதனால்தான் இதை எழுதுகிறேன். இதைப் பிழைப்பாக்கலாமா என்று யோசிக்கிறவர்களும், அவர்கள் வீட்டில் இருப்பவர்களும், அதே மாதிரி ஒரு நோட்டுப் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. ஏற்கெனவே ஆடி முடித்த ஆட்டங்களுக்கும் போடலாம். உங்கள் பேங்க் ஸ்டேட்மென்ட் ஒன்று போதும்.

நோட்டை எப்படிப் போடுவது

நீளமான ரூல் போட்ட நோட்டு. எட்டுக் கட்டம்: தேதி, உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம், பாயின்ட் ரேட், ஆரம்ப இருப்பு, முடிவு இருப்பு, வித்தியாசம், குறிப்பு. ஆடுகிறவர் எழுதக் கூடாது. ஆடுகிறவர் மறக்காமல் எழுதுவது ஜெயித்த நாளைத்தான். தோற்ற நாளில் "நாளைக்குச் சேர்த்து எழுதிக்கலாம்" என்பார். நான் ராத்திரி படுக்கும் முன்னும் காலையில் காபி போடும் முன்னும் அவர் ஃபோனை வாங்கி, திரையில் உள்ள இருப்பை நானே பார்த்து எழுதினேன்.

போனஸ் என்று ஆப் போடுகிற தொகையைப் பணமாக எழுதாதீர்கள். பேங்க்குக்கு வந்து சேரும்போது எழுதினால் போதும். "இதுவரை நீங்கள் வென்றது" என்று பெரிய எழுத்தில் ஒரு தொகை காட்டுவார்கள். அது ஜெயித்த ஆட்டங்களை மட்டும் கூட்டியது. தோற்றதைக் கழித்திருக்க மாட்டார்கள். அதைப் பார்த்துத்தான் நிறையப் பேர் தாங்கள் லாபத்தில் இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

நேரத்தை முழுசாக எழுதுங்கள். மேஜை கிடைக்கக் காத்திருந்ததும் நேரம்தான். மகள் பேசும்போது ஃபோனிலிருந்து கண்ணை எடுக்காமல் 'ம்' கொட்டிய நேரமும் அதில் சேரும்.

பணத்துக்கு, அவருடைய பிஎஃப் எடுத்ததில் 40,000 ரூபாயைத் தனி பேங்க் கணக்கில் போட்டோம். ஆப்பில் அந்தக் கணக்கு மட்டும்தான். என் சம்பளக் கணக்கின் யுபிஐ அந்த ஃபோனில் இல்லை. நகையை வைத்தோ, தண்டல்காரரிடமோ, லோன் ஆப்பிலோ வாங்கிய பணத்தில் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. வட்டி ஏறுகிற பணத்தை வைத்துக்கொண்டு யாராலும் பொறுமையாக ஸ்கூட் விட (கெட்ட கையை ஆடாமல் விலக) முடியாது.

மேஜைக்கு வாடகை எவ்வளவு

மற்ற தொழிலில் கடை வாடகையை மாதம் ஒரு முறை கொடுப்போம், கண்ணுக்குத் தெரியும். இதில் ஒவ்வொரு ஆட்டத்திலும் எடுத்துக்கொள்கிறார்கள். அவர் ஆடிய மேஜையை வைத்தே சொல்கிறேன்.

ஆறு பேர், பாயின்ட் ஒரு ரூபாய். தோற்கிறவருக்கு ஏறும் பாயின்ட்: ஆடத் தொடங்கும் முன்பே விலகினால் (முதல் ஸ்கூட்) 20, நடுவில் விலகினால் (மிடில் ஸ்கூட்) 40, விலகாமல் ஆடி மாட்டினால் (ஃபுல்) அதிகபட்சம் 80. ஒருவர் சீட்டெல்லாம் சேர்ந்து டிக் அடித்தால் (ஜெயித்தால்) மற்ற ஐந்து பேர் கையிலிருந்து சராசரி 30 வீதம் 150 ரூபாய் சேரும். அதில் ஆப் 15 சதவீதம், அதாவது 22 ரூபாய் 50 காசு எடுத்துக்கொண்டு ஜெயித்தவருக்கு 127.50 தரும். மணிக்குப் பன்னிரண்டு ஆட்டம் ஓடும். அப்படியென்றால் அந்த மேஜையிலிருந்து மணிக்கு 270 ரூபாய் வெளியே போகிறது. ஆறு பேரும் சம திறமை என்றால் ஆளுக்கு மணிக்கு 45 ரூபாய் நஷ்டம். யாரும் தப்பாக ஆடவில்லை. எல்லோருக்கும் நஷ்டம்.

இப்போது நீங்கள் மற்றவர்களைவிடக் கெட்டிக்காரர் என்று வைத்துக்கொள்வோம். ஆறில் ஒன்று ஜெயிக்க வேண்டியவர் ஐந்தில் ஒன்று ஜெயிக்கிறீர்கள். நூறு ஆட்டத்தில் 20 முறை 127.50 வந்தால் 2,550. மீதி 80 ஆட்டத்தில் சராசரி 30 போனால் 2,400. நூறு ஆட்டத்துக்கு 150 ரூபாய் லாபம். மணிக்கு 18 ரூபாய். கெட்ட கையை உடனே ஸ்கூட் விட்டு, தோற்கும் ஆட்டத்தின் சராசரியை 26க்குக் கொண்டுவந்தால் மணிக்கு 56 ரூபாய் வரும். ஒரு ரூபாய் மேஜையில் மிக நல்ல ஆட்டக்காரருக்கே அவ்வளவுதான் கிடைக்கும்.

உங்கள் மேஜைக்கும் இதைப் போட்டுப் பாருங்கள். ஆட்டம் எதுவானாலும் முதலில் கேட்க வேண்டியது எடுக்கிற பங்கு எவ்வளவு என்பதைத்தான். கசினோவில் ஒற்றைப் பூஜ்யம் உள்ள ரூலெட் சக்கரத்தில் 37 குழி, நாம் பணம் வைத்த எண்ணில் பந்து விழுந்தால் வைத்த பணத்தோடு அதன் 35 மடங்கு தருகிறார்கள். நூறு ரூபாய் வைத்தால் சராசரியாக 2 ரூபாய் 70 காசு போய்விடும். அங்கே திறமைக்கே இடமில்லை. ரம்மியில் இடம் இருக்கிறது, ஆனால் அந்தத் திறமை முதலில் 15 சதவீதத்தைத் தாண்டியாக வேண்டும்.

எத்தனை ஆட்டத்துக்குப் பிறகு நம்பலாம்

"நூறு ஆட்டம் ஆடிட்டேன், லாபத்தில்தான் இருக்கேன்" என்று சொல்லி வேலையை விடத் தயாராகிறார்கள் இளைஞர்கள். கொஞ்சம் பொறுங்கள். மேலே சொன்ன மேஜையில் ஒரு ஆட்டத்தின் ஏற்ற இறக்கம் சுமார் 65 ரூபாய். நூறு ஆட்டத்தில் அது 650 ரூபாய் அளவுக்கு மேலும் கீழும் ஆடும். நீண்ட நாளில் நிச்சயம் தோற்கப் போகிற சராசரி ஆட்டக்காரரில் நாலில் ஒருவருக்கு மேல் நூறாவது ஆட்டத்தில் லாபத்தில் நிற்பார். உண்மையிலேயே ஜெயிக்கக்கூடிய, மணிக்கு 18 ரூபாய்க்காரரோ, பத்தில் நாலு முறை நஷ்டத்தில் நிற்பார். இரண்டு பேருக்கும் தங்களைப் பற்றித் தப்பான முடிவுதான் கிடைக்கும்.

பத்தாயிரம் ஆட்டம் வரை நோட்டு எழுதாமல் 'எனக்கு வரும்' என்று சொல்லாதீர்கள். அதற்கு எண்ணூறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆபீஸ் வேலை என்றால் நாலு மாதச் சம்பளம் வந்திருக்கும்.

முதலும் சாப்பாடும்

இந்த இடத்தில்தான் எனக்கே கண் திறந்தது. சம்பளக்காரருக்குப் பணம் ஒரு பக்கம் வந்து ஒரு பக்கம் போகும். சீட்டாடுகிறவருக்கு மளிகைக்கு எடுக்கிற பணமும் மேஜையில் வைக்கிற முதலும் ஒன்றே.

எங்கள் வீட்டுச் செலவு மாதம் 22,000. அவரிடம் நான் கேட்டது 6,000 மட்டும். முதல் ஐந்து மாதக் கணக்கு இது: செப்டம்பரில் 11,200 லாபம், அக்டோபரில் 6,850, நவம்பரில் 4,100 நஷ்டம், டிசம்பரில் 9,300 லாபம், ஜனவரியில் 12,750 நஷ்டம். கூட்டினால் 10,500 லாபம். ஆனால் வீட்டுக்குக் கொடுத்தது 30,000. ஜனவரி 31 அன்று 40,000 ரூபாய் முதல் 20,500 ஆகியிருந்தது. அவர் லாபத்தில் இருக்கிறார், முதல் பாதியாகிவிட்டது. இரண்டும் உண்மை. இதை அவருக்குப் புரிய வைக்க எனக்கு ஒரு சாயங்காலம் முழுக்க ஆனது.

முதல் குறையும்போது கையில் பயம் வரும். பயந்தவர் ஆட வேண்டிய கையை ஸ்கூட் விடுவார், விட வேண்டிய கையைப் பிடித்துக்கொண்டு ஃபுல் வாங்குவார். ஆறு மாத வீட்டுச் செலவு தனியாக, தொடாமல், பேங்க்கில் இல்லை என்றால் இதை முழு நேரமாகத் தொடங்கவே வேண்டாம். எங்களிடம் அது இல்லை.

நோட்டைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள்

மொத்தத்தை மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். நேரம் வாரியாகக் கூட்டினேன். ராத்திரி 11 மணிக்கு முன் ஆடியது 1,430 மணி நேரம், லாபம் 1,03,000. அதற்குப் பின் 430 மணி நேரம், நஷ்டம் 28,600. அதே ஆள், அதே ஆப்.

ஜனவரியில் அந்த ஒரு ராத்திரி எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பொங்கல் முடிந்த வாரம், புதன்கிழமை. மகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டிய கெடு. பதினொன்றரை மணிக்கு எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன். கூடத்தில் விளக்கில்லை, ஃபோன் வெளிச்சம் மட்டும் அவர் முகத்தில். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரிஜினல் ரம்மியே (ஜோக்கர் இல்லாமல் ஒரே பூவில் வரிசையாகச் சேரும் சீட்டுகள்) இல்லாத கை. இரண்டு ராஜா, ஒரு ராணி, ஒரு ஆசு, எல்லாம் வேறு வேறு பூ. பகலில் என்றால் யோசிக்காமல் ஸ்கூட் விடுகிற கை. சீட்டை எடுத்தார். "ஏங்க, இதை விட்டிருக்கலாமே" என்றேன். "ஒரு சீட்டு வந்தா போதும், புள்ள" என்றார். வரவில்லை. ஃபுல். நிமிர்ந்து மேஜையின் ரேட்டைப் பார்த்தேன். ஐந்து ரூபாய் பாயின்ட். அந்த ஒரு கைக்கு 400 ரூபாய். விட்டதைப் பிடிக்க எனக்குத் தெரியாமல் ஒரு ரூபாய் மேஜையிலிருந்து ஏறியிருக்கிறார். விடியும்போது 7,400 போயிருந்தது.

ஐந்து ரூபாய் மேஜையை மட்டும் தனியாகக் கூட்டினால் வருஷம் முழுக்க 96 மணி நேரம், 19,400 நஷ்டம். ஒரு ரூபாயில் மணிக்கு நாற்பது வந்தால் ஐந்து ரூபாயில் இருநூறு வரும் என்று பெருக்கிப் பார்ப்பது தப்பு. மேலே ஏற ஏற எதிரில் இருப்பவரும் நோட்டு எழுதுகிறவராக இருப்பார்.

அப்புறம் தேதி வாரியாகக் கூட்டினேன். மொத்த லாபம் 74,400. அதில் 61,700 ரூபாய் மாதத்தின் முதல் பத்து நாளில் வந்தது. மீதி இருபது நாளும் சேர்ந்து 12,700தான். ஏன் என்று கேட்டேன். அவர் தயங்காமல் சொன்னார்: "சம்பளம் வர்ற நாள். ஆட்டம் தெரியாதவங்க அப்பதான் வருவாங்க."

ஒரு ஆளைக் குறித்தே வைத்திருந்தார். 'ஒண்ணாந்தேதிக்காரர்' என்று பெயர். ஸ்கூட்டே விடமாட்டார், எல்லாக் கையையும் ஆடுவார், ஏழாம் தேதிக்குள் காணாமல் போவார். அவர் இருக்கும் மேஜையைத் தேடிப் போய் உட்காருவார் என் வீட்டுக்காரர். மே மாதம்தான் அதிக லாபம், 18,050. ஜூனில் அந்த ஆள் வரவே இல்லை. ஜூன் லாபம் 3,200.

அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நான் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். எங்கள் வீட்டுக்கு வந்த அரிசியும் பருப்பும் முகம் தெரியாத ஒருவரின் சம்பளத்திலிருந்து வந்தது. அவர் வீட்டில் யாராவது கணக்கு எழுதுகிறார்களா என்று தெரியவில்லை. உங்கள் நோட்டில் குறிப்புக் கட்டத்தில் இதையும் எழுதுங்கள்: இன்று வந்த பணம் யாரிடமிருந்து வந்தது. நல்ல ஆட்டக்காரர்கள் மட்டும் இருக்கும் மேஜையில் உங்களுக்கு ஒன்றும் மிஞ்சாது. உங்கள் வருமானம் நிற்காமல் வர வேண்டும் என்றால் தெரியாதவர்கள் நிற்காமல் வந்து தோற்க வேண்டும்.

வரி, பிறகு மணிக் கணக்கு

மொத்தம் 1,860 மணி நேரம், 74,400 ரூபாய். மணிக்கு 40. எங்கள் ஆபீஸ் ஆடிட்டரிடம் கேட்டேன். இந்த வருமானத்துக்கு அடிப்படை விலக்கு கிடையாது, செலவைக் கழிக்க முடியாது, தட்டையாக 30 சதவீதம், அதன் மேல் 4 சதவீத செஸ் என்றார். வேறு வருமானமே இல்லாத ஆளுக்கும் அப்படித்தான். நிகர லாபத்துக்கு மட்டும் போட்டாலும் 23,213. அந்த வருஷம் உடைந்த ஃபோனுக்குப் பதில் வாங்கியது 11,500. நெட் ரீசார்ஜ் 3,588. கழித்தால் மிஞ்சுவது 36,099. மணி நேரத்தால் வகுத்தால் 19 ரூபாய் 40 காசு. அவரே கால்குலேட்டரை வாங்கி இரண்டு முறை வகுத்துப் பார்த்தார்.

"11 மணிக்கு மேல ஆடாம இருந்திருந்தா?" என்றார். நியாயமான கேள்வி, நீங்களும் கேட்பீர்கள். 1,03,000இல் வரி போனால் சுமார் 70,900. மாதம் 5,900. பிஎஃப் இல்லை, இஎஸ்ஐ இல்லை, காய்ச்சல் வந்து படுத்தால் அன்றைக்கு வருமானம் இல்லை.

பின்னாளில் வரி இன்னும் இறுகியது. 2023 ஏப்ரலிலிருந்து நிகர வெற்றிக்கு ஆப்பே 30 சதவீத டிடிஎஸ் பிடித்தது. அக்டோபரிலிருந்து கட்டும் பணம் முழுவதன் மீதும் 28 சதவீத ஜிஎஸ்டி.

கடையின் ஷட்டர் யார் கையில்

2020 நவம்பரில் தமிழ்நாட்டில் இணையத்தில் காசு வைத்து ரம்மி ஆடத் தடை. 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது, அதனால்தான் என் வீட்டுக்காரருக்கு அந்த யோசனையே வந்தது. 2022 அக்டோபரில் மறுபடி அவசரச் சட்டம், 2023 ஏப்ரலில் சட்டம், அதே நவம்பரில் ரம்மி, போக்கர் மீதான தடை மட்டும் நீதிமன்றத்தில் விழுந்தது. 2025 பிப்ரவரியில் ராத்திரி 12 முதல் காலை 5 வரை ஆடக் கூடாது என்று மாநில விதி வந்தது. எங்கள் நோட்டைப் பார்த்தவள் என்ற முறையில் அந்த விதி சரி என்றே சொல்வேன். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இணையத்தில் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களை நடத்துவதற்கே தடை போட்டது. திறமையோ அதிர்ஷ்டமோ, வித்தியாசம் பார்க்கவில்லை. பெரிய ஆப்கள் பண ஆட்டத்தை உடனே நிறுத்திவிட்டன. ஐந்து வருஷத்துக்குள் இத்தனை முறை மூடித் திறந்த தொழிலை நம்பி யார் வீட்டு லோன் தருவார்?

ரம்மி திறமை ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1968இலேயே சொன்னதைச் சிலர் எடுத்துக் காட்டுவார்கள். அது சட்டத்துக்குப் பதில். வீட்டு வாடகைக்கு அல்ல.

இப்போது டெலிகிராமில் ஐடி (பந்தயத் தளத்தில் ஆடக் கணக்கு) கொடுக்கிறவர்களும் வெளிநாட்டு ஆப்களும்தான் மிச்சம். அங்கே ஜெயித்தாலும் பணம் வராவிட்டால் கேட்க இடமில்லை. "எடுக்கணும்னா முதல்ல வரி கட்டு" என்று யாராவது பணம் கேட்டால் ஒரு ரூபாய்கூட அனுப்பாமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் போன் செய்யுங்கள்.

இதில் பிழைத்தவர்களே இல்லையா என்றால், இருக்கிறார்கள். ஹாங்காங் குதிரைப் பந்தயத்தில் பில் பென்டர் என்ற அமெரிக்கர் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு ஏராளமாகச் சம்பாதித்தார். ஒவ்வொரு குதிரையின் பழைய ஓட்டங்களையும் திரட்டி, ஆள் வைத்து, முதல் போட்டு வருஷக்கணக்கில் நடத்திய வேலை அது. பிளாக்ஜாக் என்ற கசினோ சீட்டாட்டத்தில் சீட்டை எண்ணி ஜெயிக்கலாம் என்று 1960களில் கணிதப் பேராசிரியர் எட்வர்ட் தார்ப் நிரூபித்தார். கசினோக்கள் சீட்டுக் கட்டுகளைக் கூட்டின, எண்ணுகிறவர்களை வெளியே அனுப்பின. ராத்திரி ஃபோனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதோடு அவர்கள் செய்ததை ஒப்பிட முடியாது.

எப்போது நிறுத்துவது

தேதி முன்பே எழுதியிருக்க வேண்டும். எங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் '31.8.2022' என்று எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருந்தோம். அன்றைக்குக் கணக்கில் இருந்தது 42,400. வரிக்கு எடுத்து வைத்த பிறகு 19,187. நவம்பரில் பட்டறையில் மறுபடி கூப்பிட்டார்கள், போய்விட்டார்.

தேதிக்கு முன்பே நிறுத்த ஒரே ஒரு காரணம் உண்டு: நோட்டில் வராத ஆட்டம். ஆடியதை மறைக்கத் தொடங்கினால் சோதனை அன்றோடு முடிந்தது, அது வேறு பிரச்சினை ஆகிவிட்டது. அப்போது கூச்சப்படாமல் 14416க்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநலச் சேவை. தமிழில் பேசலாம், காசு இல்லை. ஆடுகிறவர் பேச மாட்டேன் என்றால் வீட்டில் இருப்பவர் பேசலாம்.

எங்களுக்கும் ஒரு முறை அது நடந்தது. ஜூலை மாதம் கணக்கில் இருப்பு குறைந்தபோது என் தம்பியிடம் வாங்கி ஆடியிருக்கிறார், என்னிடம் சொல்லவில்லை. நாலு நாள் கழித்து, நான் எழுதிக்கொண்டிருந்தபோது பேனாவை என் கையிலிருந்து வாங்கி அவரே எழுதினார். முதல் பக்கத்துக் கையெழுத்தைத் தவிர, நோட்டில் அவர் கையால் எழுதியது அந்த ஒரு வரிதான்: "16.7.22, மச்சானிடம் 2,000, போய்விட்டது."